பனையடியில் வைத்த அரிவாள்கள்

எங்கள் ஊர் பச்சையம்மன் காட்டுக்குள் இரும்பு போகக் கூடாது. யார் வைத்த கட்டு என்று எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடந்தோம். ஊரிலிருந்து காட்டுக்குப் போகும் வண்டிப்பாதை முடிகிற இடத்தில் ஒற்றைப் பனை நின்றது. பக்கத்தில் காவியும் சுண்ணாம்பும் அடித்த முனி சிலை, ஒரு வீட்டு உயரத்துக்கு, மீசையோடு உட்கார்ந்திருக்கும். முனிக்கு ஆடு வெட்டுவதெல்லாம் பனைக்கு வெளியேதான். பனையைத் தாண்டுகிறவர்கள் செருப்பையும், கையில் அரிவாளோ களைக்கொட்டோ சாவிக்கொத்தோ எது இருந்தாலும் அதையும் பனையடியில் வைத்துவிட வேண்டும். பெண்கள் தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கைக்கூடக் கழற்றி, பனையில் சுற்றிய மஞ்சள் துணியில் குத்திவிட்டுப் போவார்கள். ஆடி மாதத்தில் அந்தத் துணி முழுக்க ஊக்காக மினுங்கும். ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுத்ததில்லை.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் பக்கத்தில் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். சுற்றிலும் நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளும் சவுக்குத் தோப்புகளும்தான். அதற்கு நடுவில் இந்தக் காடு மட்டும் கறுப்பாக, அடர்ந்து நிற்கும். காசான், வீரை, உலக்கைப்பாலை, நாவல், இலுப்பை, அவற்றை எல்லாம் சேர்த்துக் கட்டியது போலக் கொடிகள். காட்டுக்குக் கீழே எங்கள் தாங்கல், சின்ன ஏரி. மழைத் தண்ணீர் காட்டுக்குள் நின்று நிதானமாக இறங்கித்தான் தாங்கலில் சேரும். காடு போனால் முதல் மழையிலேயே மண் இறங்கித் தாங்கல் மேடாகிவிடும். அப்புறம் எங்கள் ஊரில் பயிர் கிடையாது. சாமி பயத்தோடு இதுவும் சேர்ந்துதான் அந்தக் காட்டைக் காப்பாற்றியது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில் இருந்தேன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்கா புருஷன், என் மாமா, எனக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஏர் ஓட்டும்போது மாட்டோடு சண்டை போடுவார். மாடு கேட்காவிட்டால் என்னோடு போடுவார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கொல்லையில் வேலை செய்தோம், ஒரே பீடிக்கட்டில் எடுத்துப் பிடித்தோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. புயல் அடித்துக் காட்டின் தென்பக்கம் சில மரங்கள் சாய்ந்தன. காடு புறம்போக்கு நிலம் என்பதால், விழுந்த மரங்களை எடுத்துக்கொள்ள திண்டிவனத்தில் அதிகாரிகள் ஏலம் விட்டார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. விழுப்புரத்தில் மரவாடி வைத்திருந்த ஒருவர் எடுத்தார். அந்த நேரத்தில் மரத்துக்கு அவ்வளவு கிராக்கி. கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டுப் பணத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வாசக்காலுக்கும் உத்தரத்துக்கும் மரம் வேண்டும். மிச்சம் மீதி சூளைக்குப் போகும். அவருடைய ஆட்கள் தென்பக்கச் சாலையிலிருந்து லாரியை இறக்கி, விழுந்ததை எல்லாம் இரண்டே நாளில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் நின்ற மரத்தில் கோடாலி விழும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு மாமாதான் முதலில் போனார். நானும் பின்னாலேயே போனேன். மரவாடிக்காரரின் மேஸ்திரி ஒரு இலுப்பை அடிமரத்தின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"விழுந்து பட்ட மரத்துக்குத்தான ஏலம்? பச்சை மரத்த வெட்டிக்கினு கீற?" என்றார் மாமா.

"இன்னிக்குப் பச்சை, நாளைக்குப் பட்டது. நாங்க கொஞ்சம் ஜல்தியா வந்துட்டோம், அவ்ளதான்" என்றார் மேஸ்திரி. "இன்னாப்பா, உங்க அம்மனுக்கு நெழலு பத்தலியா? நானு வேணா ஒரு குடை வாங்கித் தர்றேன்."

"குடையை உன் மொதலாளிக்குக் குடு. கோர்ட்டுக்கு வெயில்ல நடக்கும்போது ஒதவும்."

மேஸ்திரி சிரித்தார். கோடாலி நிற்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தென்பக்கம் ஒரு களம் அளவுக்கு வெளிச்சமாகிவிட்டது.

மாமாவும் பூசாரியும் இன்னும் சிலரும் திண்டிவனத்துக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்தார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரிக்க யாரும் வரவில்லை. அதனால் ஊர் கூடி, தெருவுக்கு ஒரு நாள் என்று காவல் போட்டோம். காவலுக்கு இருப்பவர் கோடாலிச் சத்தம் கேட்டால் தகர டப்பாவைத் தட்ட வேண்டும். கேட்டவர்கள் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். சண்டை போடுவதாகப் பேச்சே இல்லை. வெட்டுகிற மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவது, அவ்வளவுதான். ஆள் உட்கார்ந்திருக்கும் மரத்தில் எவனும் கோடாலி போட மாட்டான் என்று நம்பினோம். இரண்டு மூன்று தடவை அது பலித்தது. பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டே மேஸ்திரியைக் கேலி பண்ணுவார்கள். "கோடாலியைக் கீழ வெச்சிட்டு வாய்யா, ரெண்டு கை உரிச்சிக் குடு, கூலி தர்றோம்" என்பார்கள். கூலிக்காரர்களில் சிலர் சிரித்துவிட்டு லாரிக்குப் போய்விடுவார்கள்.

மரவாடிக்காரருக்கு ஒரு தம்பி இருந்தான். என் வயதுதான். புல்லட்டில் வருவான், கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான். அவன் இரண்டு நாள் வந்து ஒன்றும் பேசாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் பனையடியில் அரிவாளை வைப்பதையும், திரும்பிப் போகும்போது எடுப்பதையும் பார்த்திருக்கிறான். அது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில் வைத்ததை ஒருவன் எடுப்பான் என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றாது.

மல்லாட்டை பிடுங்கும் பருவம் வந்தது. காலையில் எல்லோரும் கொல்லையில் இருந்தோம். டப்பா சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட வேகமாகத் தட்டினார்கள். ஓடினோம். கையில் இருந்த அரிவாள், களைக்கொட்டு எல்லாவற்றையும் பனையடியில் போட்டோம். அவசரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவியலாக விழுந்தது. என் அரிவாளின் பிடியில் வழுக்காமல் இருக்கச் சிவப்பு சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தேன். குவியலின் மேலே அது கிடந்தது. ஒரு பெண் ஓடுகிற ஓட்டத்திலும் நின்று ஊக்கைக் கழற்றித் துணியில் குத்தினாள்.

உள்ளே வெட்டிக்கொண்டிருந்தவர்கள் புது ஆட்கள். பழைய கூலிக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. பெரிய உலக்கைப்பாலை ஒன்றில் பாதி ஆழம் கோடாலி இறங்கியிருந்தது. மாமா நேராகப் போய் அந்த வெட்டு வாயை மறைத்துக்கொண்டு மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"நவுருய்யா."

"நவுர்றதுக்கு எடம் எங்க வெச்சிக்கிற? அந்தாண்டதான் எல்லாத்தயும் வெட்டிட்டியே."

எங்களில் சிலர் சிரித்தோம். அப்போது பின்னாலிருந்து புல்லட் சத்தம் கேட்டது. ஊர்ப் பாதை வழியாக ஒரு வேனும் வந்து பனையடியில் நின்றது. எட்டிப்பார்த்த பூசாரியின் மனைவிதான் கத்தினாள். "அருவாவ எடுக்கறானுங்க! ஐயோ, நம்ம அருவாவ எடுக்கறானுங்க!"

வேனிலிருந்து இறங்கியவர்கள் குவியலில் ஆளுக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு செருப்புக் காலோடு உள்ளே வந்தார்கள். முன்னால் கோடாலிக்காரர்கள், பின்னால் அரிவாள்காரர்கள். நடுவில் நாங்கள் வெறுங்கையோடு நின்றோம். அரிவாளைத் திருப்பிப் பிடித்து முதுகில் அடித்தார்கள். ஓடியவர்கள் கொடியில் கால் சிக்கி விழுந்தார்கள். விழுந்தவர்களை மிதித்தார்கள். என் உச்சந்தலையில் எதுவோ பட்டது. முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் ரத்தம் இறங்கியது. அதன் ஊடாகப் பார்த்தேன். மாமா மரத்தை விட்டு நகரவில்லை. தம்பி அவருக்கு நேராக நின்றான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். கையில் சிவப்பு டியூப் சுற்றிய அரிவாள்.

"கடைசியா சொல்றேன், நவுரு."

"வெட்டு. மரத்த வெட்றதுக்கு மின்னாடி..."

முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. கழுத்துக்கு வந்ததை மாமா வலது கையைத் தூக்கித் தடுத்தார். மணிக்கட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் கரும்பு முறிகிற மாதிரி இருந்தது. கை தோலில் தொங்கியது. அவர் அதைத் தன் கையாகவே நினைக்காதவர் போலப் பார்த்தார். பிறகு இடது கையால் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே மரத்தடியில் சரிந்தார். தம்பி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். அவன் வாய் திறந்திருந்தது. வெட்டும்வரைக்கும் வெட்டுவோம் என்று அவனுக்கே தெரியாது போலிருக்கிறது. ஆனால் வெட்டிவிட்டான்.

அக்கா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பைக் கிழித்து மாமாவின் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். அடியாட்கள் வந்த வழியிலேயே ஓடிவிட்டார்கள். தென்பக்கம் மரம் ஏற்றிய லாரி மட்டும் நின்றது. டிரைவர் இடத்தை விட்டு இறங்கவே இல்லை. அக்கா மாமாவின் ரத்தத்தோடு போய் லாரிக் கதவில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"எடுய்யா வண்டிய!"

"ஏத்துங்கம்மா" என்றான் அவன். "எனக்கும் புள்ளைங்க கீதும்மா. நானு வெறும் டிரைவரும்மா."

லாரியில் மரத்தின் மேல்தான் இடம். பச்சையாக வெட்டிய கட்டைகளின் மேல் மாமாவைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். சாறு கசிந்து கட்டையெல்லாம் பிசுபிசுப்பாக இருந்தது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் லாரி குலுங்கியது. வழியில் அவர் ஒரு தடவைதான் பேசினார்.

"மச்சான், கீழ இருக்கறது இன்னா மரம்டா?"

தடவிப் பார்த்தேன். "வீரை மாமா."

"அட பாவிங்களா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கையைச் சேர்க்க முடியாது என்றார்கள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தபோதே போலீஸ் வந்து என்னை அழைத்துப் போனது. என் தலையில் கட்டு போட்டிருந்தார்கள். ஸ்டேஷனில் எங்கள் ஊர் அரிவாள்களை வரிசையாகத் தரையில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் எங்கள் அரிவாள். பழி எங்கள் மேலேயே விழட்டும் என்று அந்தத் தம்பி ஒரு கத்திகூடக் கொண்டு வரவில்லை.

"இது யாருது?" என்று சிவப்பு டியூப் சுற்றியதைக் காலால் தள்ளினார் அதிகாரி.

"என்னுதுங்க."

"ஒன் மாமனுக்கும் ஒனக்கும் இன்னா தகராறு?"

"தகராறு ஒண்ணும் இல்லீங்க."

"அப்போ சும்மா வெட்டினியா?"

மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் குப்புறப் படுக்கவைத்து உள்ளங்காலில் அடித்தார்கள். முதல் சில அடிகள் எரிந்தன. பிறகு காலே பெரிதாகி, என்னுடையதாக இல்லாமல் போனது. நடுவில் நிறுத்தி அதிகாரி மெதுவாகப் பேசினார். ஊருக்குள்ளே சண்டை, ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கொண்டோம் என்று எழுதித் தந்தால் சின்ன கேஸ். காட்டு விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று ஊரில் நாலு பேரைச் சொல்ல வைத்தால் அந்தச் சின்ன கேஸும் இல்லை. இல்லாவிட்டால் மாமனைக் கொல்லப் பார்த்தவன் நான்தான்.

"மரம் பெருசா, நீ பெருசா? யோசிச்சி சொல்லு" என்றார்.

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற மாதிரி இல்லை. பேசவும் வரவில்லை. பேசாமல் கிடந்ததை அவர்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுபடி அடித்தார்கள். பற்களைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. மறுநாள் மாமாவுக்கு நினைவு தெளிந்து, ஆஸ்பத்திரிக்கு மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோது, வெட்டியவன் மரவாடிக்காரரின் தம்பி என்று மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னை வைத்திருக்க முடியாமல் வெளியே விட்டார்கள். தம்பியைப் பிடித்தார்கள், கொஞ்ச நாளில் அவன் ஜாமீனில் வந்துவிட்டான்.

ஊரில் கூட்டம் போட்டார்கள். வாலிபப் பிள்ளைகள் ஒரே கூச்சல். "இனிமே இரும்போடதான் உள்ள போவோம். இல்லன்னா அவன் மரத்தையும் வெட்டுவான், நம்பளையும் வெட்டுவான்."

பூசாரி, "நம்பளே இரும்ப எடுத்துக்கினு போனா அப்புறம் அது இன்னா அம்மன் காடு? சவுக்குத் தோப்புதான்" என்றார்.

"அப்ப வெறுங்கையோட போயி சாவச் சொல்றியா?"

இரண்டு பக்கமும் கத்தியது. அக்கா கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து உலக்கையைக் கல்லில் மோதிக்கொண்டிருந்தாள். நுனியில் மாட்டியிருக்கும் இரும்புப் பூண் கழன்று உருண்டது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இன்னாமே பண்ற?" என்றாள். "இப்ப இது வெறும் மரம்தான?" என்றாள் அக்கா. அன்றைக்குத் தெரு முழுக்கப் பூண் கழற்றும் சத்தம் கேட்டது. கூட்டத்தில் யாரும் முடிவு சொல்லத் தேவைப்படவில்லை.

அவர்கள் மறுபடி வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள். இந்தத் தடவை ஊர்ப் பாதையிலேயே லாரியைக் கொண்டுவந்து பனையடியில் நிறுத்தினார்கள், எங்கள் முகத்துக்கு நேராகச் செய்ய வேண்டும் என்று. மேஸ்திரிதான் முன்னால். டப்பா தட்டும் முன்பே பெண்கள் மரங்களுக்குப் பின்னால் இருந்தார்கள். நாங்கள் ஆண்கள் சவுக்குக் கழியோடு பின்னால் நின்றோம்.

மேஸ்திரி பனையைத் தாண்டிக் காலை வைத்ததும் முதல் உலக்கை அவர் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து கை தொங்கியது. "நெழலு போதுமாய்யா?" என்று ஒருத்தி கேட்டாள். நெல் குத்துகிறவர்களின் அடி வேறு மாதிரி. அதில் அவசரமே இல்லை. ஒருத்தி தூக்கும்போது இன்னொருத்தி இறக்குவாள். விழுந்தவர்கள் எழுந்திருக்க இடைவெளியே கிடைக்கவில்லை. கோடாலிகள் கீழே கிடந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. ஒருவன் வாயிலிருந்து ரத்தம் வழிய என் காலைப் பிடித்தான். முந்தின தடவை எங்களை மிதித்தவர்களில் ஒருவன். என் கழியை அவன் முகத்துக்கு மேலே தூக்கினேன். அக்கா என்னைத் தோளில் இடித்துத் தள்ளினாள். "தலையில வேணாம். கால்ல அடி. உசுரோட போயி விழுப்புரத்துல சொல்லட்டும்." காலில் அடித்தேன். அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் பிடித்திருந்தது.

லாரிக்காரன் பயந்துபோய்ப் பின்னால் எடுத்தான். முன்பு வந்த டிரைவர் இல்லை, வேறு ஆள். முனி சிலை மேடைக்குப் பக்கத்தில் பூசாரியின் மனைவி நின்றாள். எல்லோரும் கத்தினோம். அவன் காதில் விழவில்லை. லாரியின் பின்பலகை அவளை மேடையோடு வைத்து நசுக்கியது. ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது அவளிடமிருந்து. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் கடைசிவரை கையை ஊன்றித்தான் நகர்ந்தாள். எங்கள் பெண்கள் லாரிக் கண்ணாடியை உடைத்து டிரைவரை வெளியே இழுத்தார்கள். பூசாரிதான் குறுக்கே விழுந்து அவனைக் காப்பாற்றினார். இடுப்பு நொறுங்கிய மனைவியை ஒரு பக்கம் விட்டுவிட்டு, நொறுக்கியவனின் மேல் அவர் குப்புறக் கிடந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் மேலும் கேஸ், அவர்கள் மேலும் கேஸ். கொஞ்ச நாள் லாரி வரவில்லை. ஆனால் ஏலம் மரவாடிக்காரர் கையில்தான் இருந்தது. அதைக் காட்டித்தான் பச்சை மரத்தையும் வெட்டினார்கள். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். முன்பு போலக் கத்திப் பேசுவதில்லை. பூசாரி வீட்டிலிருந்து அந்த அம்மா வலியில் முனகுவது காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும். அது கேட்கும்போதெல்லாம் மாமா கட்டிலின் சட்டத்தை இடது கையால் பிடித்துக்கொள்வார்.

"அடுத்த தபா ஒரு உசுரு போவும் மச்சான்" என்றார் என்னிடம். "நம்ம ஆளா, அவன் ஆளான்னு தெரியாது. போனா அத்தோட முடிஞ்சிது. ஆம்பளைங்க எல்லாம் ஜெயில்ல இருப்போம். அவன் நிம்மதியா மரத்த ஏத்துவான்."

தம்பியின் கேஸ் விசாரணைக்கு வரும் நேரத்தில் மரவாடிக்காரர் தனியாக, ஒரு வாடகைக் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேட்டி சட்டை, வயதானவர். அக்கா உள்ளே வரச் சொல்லவில்லை. மாமாதான் கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

"தம்பிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்குது. நீங்க சாட்சி சொன்னா அவன் வாழ்க்கை போயிடும். இன்னா கேட்டாலும் தர்றேன்."

"பணம் வேணாங்க" என்றார் மாமா. "காட்ட வுட்டுடுங்க."

மரவாடிக்காரர் மாமாவின் சட்டைக் கையைப் பார்த்தார். அது முழங்கைக்குக் கீழே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. "ஏலம் எடுத்தது..." என்று ஆரம்பித்தார்.

"அத நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, வேணான்னு. நீங்களும் வரக் கூடாது, உங்க கூட்டாளிங்களும் வரக் கூடாது. கோர்ட்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்க ஆளுங்க மேல நீங்க போட்ட கேஸுல உங்க ஆளுங்களுக்கும் ஒண்ணும் தெரியக் கூடாது."

அவர் போன பிறகு அக்கா வெளியே வந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒங்கையாய்யா அது? ஒங்கை மட்டுமா? எனக்குச் சோறு போட்ட கை. நா கட்டின கட்டு. அத வெட்டினவன் கல்யாணம் பண்ணிக்கினு புல்லட்ல போவான், நீ ஒண்ணும் தெரியாதுன்னு சொல்வியா?"

"கை திரும்பி வராதுமே. அவன் ஜெயிலுக்குப் போனாலும் வராது."

"வராட்டி போவட்டும். அவன் போவணும்."

"அவன் போனா அண்ணன்காரன் காட்ட சும்மா வுடுவானா?"

அக்கா உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவரோடு பேசவே இல்லை. சோற்றைப் பிசைந்து முன்னால் வைப்பாள், எழுந்து போய்விடுவாள்.

மரவாடிக்காரர் சொன்னபடி ஏலத்தை விட்டுக்கொடுத்தார். அதைத் திண்டிவனத்தில் பூசாரி நேரில் போய்த் தெரிந்துகொண்டு வந்தார். அதன் பிறகுதான் மாமா கூண்டில் ஏறினார்.

"உங்களை வெட்டினது யாரு?"

"கும்பலா இருந்துச்சிங்க. கவனிக்கலீங்க."

"ஆஸ்பத்திரியில இவர் பேரச் சொன்னீங்களே?"

"மயக்கத்துல சொல்லிட்டனுங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கை போயிருக்கு. நேருக்கு நேரா நின்னு வெட்டியிருக்கான். யாருன்னு தெரியாதா?"

"தெரியாதுங்க."

அடுத்து நான். மேசை மேல் என் அரிவாள் இருந்தது. அட்டை ஒன்றை நூலில் கட்டியிருந்தார்கள். டியூபின் சிவப்பு மங்கிவிட்டது. என்னுடையதா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றேன். யார் எடுத்தது என்று கேட்டார்கள். அத்தனை பேர் என்னையே பார்த்தார்கள். கதவோரம் அக்கா நின்றிருந்தாள். அவள் சொல்லு என்றும் தலையை ஆட்டவில்லை, வேண்டாம் என்றும் ஆட்டவில்லை.

"பாக்கலீங்க" என்றேன். கூட்டத்தில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

தம்பி விடுதலையானான். வெளியே வேப்பமரத்தடியில் எங்களைப் பார்த்து வந்தான். இரண்டு கையையும் கூப்பி, "அண்ணே" என்றான்.

அக்கா முன்னால் வந்தாள். "கையக் கூப்பாதடா. ரெண்டு இருக்குதுன்னு காட்டறியா?"

அவன் கைகளைக் கீழே போட்டுவிட்டான். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"போப்பா" என்றார் மாமா. "உங்க அண்ணன் சொன்ன சொல்ல மறக்காம இருக்கச் சொல்லு. மறந்தா எனக்கு மயக்கம் தெளிஞ்சிடும்."

அவர் மறக்கவில்லை. வேறு யாரும் அந்தக் காட்டை ஏலம் எடுக்கவும் வரவில்லை. தென்பக்கம் வெட்டிய இடத்தில் சீமைக்கருவேல்தான் முளைத்தது. மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. தாங்கலில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது.

தீர்ப்பு வந்த அன்றைக்கு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பஸ் நெரிசலாக வந்தது. மாமா இடது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் சீட்டு கேட்டுக் கத்தினார். கம்பியை விட்டால் விழுவார், விடாவிட்டால் பணம் எடுக்க முடியாது. அக்கா அவர் சட்டைப்பையில் கையை விட்டு எடுத்து மூன்று சீட்டு வாங்கினாள்.

"ஒரு கைக்கு ஒரு காடு" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "நல்ல ஏவாரம்."

"முழுக் காடு எங்கமே? தெக்கால பக்கம் போயிடிச்சே."

"மழை வந்தா தாங்கல் ரொம்பும். மடை தொறக்க யார் எறங்குவா?"

"உந்தம்பி கீறான்ல?"

"அவனுக்கு இன்னா. கோர்ட்லயே பேசிட்டான். இனிமே வேலை செய்ய மாட்டான், பஞ்சாயத்து பண்ணுவான்."

மாமா சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு சத்தமாக, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி. அக்கா சிரிக்கவில்லை. எங்கள் நிறுத்தம் வந்ததும் அவருக்கு முன்னால் இறங்கி, படிக்கட்டுக்குக் கீழே நின்று, அவர் பிடித்துக்கொள்ளத் தோளைக் கொடுத்தாள்.